கெண்டையின் வாயில் என் வளையம்

போன மாதம் என் மகளுக்கு மூச்சிரைப்பு வந்து, திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பிழைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கும் போகத் தொடங்கிவிட்டாள். நான்தான் இன்னும் சரியாகவில்லை. அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்துப் பார்க்கிறேன். "கைய எடும்மா, கூசுது" என்று தள்ளிவிடுகிறாள். அப்போதெல்லாம் எனக்கு என் தாய்மாமாவின் ஞாபகம் வருகிறது.

விழுப்புரத்துக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில் எங்கள் ஊர். கோடையில் ஆறு முழுவதும் மணலாகக் கிடக்கும். ஒரு வளைவில் மட்டும், மருத மரங்களுக்கடியில், ஒரு மடு வற்றாமல் இருக்கும். கருப்பான தண்ணீர். அதில் யாரும் மீன் பிடிக்க மாட்டார்கள். பிள்ளைகள் பிறந்து பிறந்து செத்துப்போகும் வீட்டில் மறுபடி ஒன்று பிறந்தால், காது குத்தும் அன்று ஒரு வளையத்தைக் குழந்தையின் காதிலும் மற்றதை ஒரு கெண்டையின் உதட்டிலும் மாட்டி, மீனை அந்த மடுவில் விட்டுவிடுவார்கள். மீன் இருக்கும்வரை பிள்ளை இருக்கும் என்பது நம்பிக்கை.

எனக்கு முன்னால் என் அம்மா இரண்டு பேரைப் பறிகொடுத்திருந்தாள். மாமாவின் மடியில் வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். மீனுக்கு மாட்டியதும் மாமாதான். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது என் வலது காதில் சிவப்புக் கல் வைத்த வளையம், இடது காதில் வேப்பங்குச்சி. மற்றது தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். வகுப்பில் எனக்கு 'ஒத்தக்காது' என்று பெயர்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் ஜீப்பில் வருவார். சக்கரம் வைத்த தூண்டில் வைத்திருந்தார். மீன் எங்கே கிடக்கும் என்று காட்டுவதற்கு மாமா. கேப்பை மாவில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் புண்ணாக்கைப் பிசைந்து இரை உருட்டிக் கொடுப்பதும் மாமாதான். பிடித்த மீனைத் துரை அளந்து பார்ப்பார், போட்டோ எடுப்பார், திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "கொழம்புக்கும் இல்லாம கருவாட்டுக்கும் இல்லாம, இதுக்கு ஒரு ஜீப்பு, ஒரு தொப்பி! அந்த ஆளுக்கு வூட்ல வேற வேல இல்லியாடா?"

"தொரைக்கு அதான்க்கா வெளையாட்டு" என்று மாமா சிரித்தார்.

ஆற்றில் மற்ற குட்டைகள் வற்றிப்போன சமயத்தில்தான் மாமாவுக்கு அந்த யோசனை வந்தது. மடு மீனைத் தின்றால்தானே தப்பு? துரைதான் விட்டுவிடுகிறாரே. இந்த நியாயத்தை அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. நான் அடம் பிடித்ததால் என்னையும் கூட்டிப்போனார்.

நல்ல உச்சிவெயில். மடுவின் பக்கம் ஒரு காக்கைகூட இல்லை. மரத்தில் இலை அசையவில்லை. நாங்கள் பேசினால் பேச்சு எதிர்க்கரைவரை போய், கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது. நான் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

தக்கை அமிழ்ந்தது. துரை கம்பை உயர்த்திச் சக்கரத்தைச் சுற்றினார். வழக்கமாக மீன் இழுத்துக்கொண்டு ஓடும், சக்கரம் கிரீச்சிடும். இது ஓடவில்லை. கூப்பிட்டதும் வருவதைப் போல, கருந்தண்ணீரிலிருந்து மெதுவாக, நேராக, நான் நின்ற பக்கமாக வந்தது. என் கை நீளம் இருக்கும். துரை அதைக் கரையில் ஈரத்துணிமேல் கிடத்தினார். அதன் மேலுதட்டில் சிவப்புக் கல் மின்னியது.

"மாமா! என் வளையம்!" என்று கத்தினேன்.

துரை என் காதைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாப்பா, உன்னுதா? இரு, எடுத்துத் தரேன்" என்று பையிலிருந்து குறடை எடுத்தார். நல்ல மனிதர். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"தொர, வாணாம்! வுட்ருங்க, தொட வாணாம்!"

மாமாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. துரையின் கையைத் தட்டிவிட்டு, தூண்டில் நரம்பைப் பல்லால் கடித்து அறுத்து, மீனை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு மடுவில் இறங்கிவிட்டார்.

இடுப்பளவுத் தண்ணீரில் மீனை விட்டார். அது போகவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, வெள்ளை வயிறு தெரிய மிதந்தது. மாமா அதை இரண்டு கைகளிலும் ஏந்தி முன்னும் பின்னும் அசைத்தார். தொட்டில் ஆட்டுவதைப் போல, வெகுநேரம். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மூச்சு வுடு கண்ணு. வுடு. ஏன் கண்ணு, வுட மாட்டற?"

அவர் மீனைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அதனால் நான் கரையில் நின்றபடி நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். மறுபடியும் விட்டேன். வேப்பங்குச்சி இருந்த காது சூடாக இருந்தது.

மீனின் செவுள் ஒருமுறை திறந்தது. வால் அடித்தது. அப்புறம் மாமாவின் கையில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

துரையை ஜீப்பில் போகச் சொல்லிவிட்டு நாங்கள் மணலில் நடந்தே வந்தோம். வழியெல்லாம் நான் அழுதேன்.

"என் வளையத்த வாங்காம வுட்டுட்டியே மாமா! தொரயே குடுக்கறேன்னாரு!"

"வேற வாங்கித் தரேன்."

"எனக்கு அதான் வேணும்."

எனக்குப் பின்னால் வந்த மாமா, ஈரக் கையை விரித்து என் முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே வைத்தார். வீடு வரும்வரை எடுக்கவில்லை. சுடுமணலில் ஜல்தி நடக்கச் சொல்லித் தள்ளுகிறார் என்று நினைத்து, நான் கோபமாக முன்னால் ஓடினேன். ஓட ஓட, அந்தக் கை என் முதுகைத் தேடிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தது.