பேச்சுத்திறன்: ஒன்று

எங்கள் கல்லூரிக்கு அந்தத் தாளைக் கொண்டுவந்தவள் நான்தான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, மாணவர்கள் பாடத்தைத் தாண்டி என்ன கற்றுக்கொண்டார்கள் என்று காட்ட வேண்டும் என்று முதல்வர் சொன்னபோது, மற்ற ஆசிரியர்கள் மேசைக்கடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். எனக்கு ஒழுங்கு பிடிக்கும். ஒரே விடைக்கு ஒருவர் எட்டு போட, இன்னொருவர் நான்கு போடுவதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

ரூப்ரிக் என்று அதற்குப் பெயர். கட்டம் போட்ட ஒரு தாள், அவ்வளவுதான். இடது பக்கம் மேலிருந்து கீழாகப் பேச்சுத்திறன், கூட்டுமுயற்சி, ஆராயும் திறன், அறவுணர்வு என்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் நான்கு வரை கட்டங்கள். நான்கு வாங்க என்ன செய்திருக்க வேண்டும், ஒன்று வாங்கியவர் எதில் குறைந்துபோனார் என்று ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு வாக்கியம். எல்லாத் துறைக்கும் அதே தாள். அந்த வாக்கியங்களை ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து நான் எழுதினேன். அடித்து அடித்து எழுதினேன். அவை நன்றாக வந்திருப்பதாக எனக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

மாணவர்களிடம், "இது உங்களுக்குப் போடற மார்க் இல்ல. நாங்க ஒழுங்கா சொல்லிக் குடுத்தோமான்னு எங்களுக்கு நாங்களே போட்டுக்கறது. யாரும் பயப்பட வேணாம்" என்றேன். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நானும் நம்பினேன்.

தாளை வைத்து மதிப்பிடவும் ஒரு முறை வகுத்திருந்தேன். பத்து ஆசிரியர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து மாணவர்களின் காணொளியைப் பார்ப்போம். ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எண்ணை எழுதி, ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டுவோம். ஒருவருக்கொருவர் ஒரு எண்ணுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேசித் தீர்க்க வேண்டும். பிறகு எது அதிகம் பேர் போட்டதோ அது பதிவாகும். கண்ணால் பார்த்ததற்கு மட்டும்தான் மார்க், கேள்விப்பட்டதற்கு இல்லை. இந்தக் கடைசி விதியை நான் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தேன்.

என் வணிகவியல் வகுப்பில் நாட்றாம்பாளையம் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். விடுதியில் தங்கிப் படித்தாள். மூன்று வருடமும் நடுபெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கடைசி வருடத்தில் அவளோடு இன்னும் நால்வர் சேர்ந்து கர்நாடக எல்லையை ஒட்டிய தளியில் பூ விவசாயம் செய்பவர்களைப் பார்த்துப் பேசி ஒரு ஆய்வு செய்தார்கள். முடிவுகளை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மற்ற நால்வரும் மனப்பாடம் செய்துவந்து பொரிந்து தள்ளினார்கள். இவள் மடிக்கணினி பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். தன் முறை வந்தபோது இரண்டு வரி சொன்னாள். மூன்றாவது வரி வரவில்லை. திரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், நின்றாள்.

காணொளி முடிந்ததும் சீட்டுகள் மேலே போயின. ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. ஒரே ஒரு கை மட்டும் நான்கைக் காட்டியது. கணினித் துறை ஆசிரியர். பாகலூர்க்காரர், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வீட்டிலேயே புழங்குபவர்.

"சார், வீடியோவப் பார்த்தீங்களா இல்லியா?" என்று கேட்டேன். அறையில் சிலர் சிரித்தார்கள்.

"பார்த்தேங்க மேடம். தளிக்கும் நான்தான் கூடப் போயிருந்தேன். அந்த நாலு பிள்ளைங்களுக்கும் கன்னடமும் வராது, தெலுங்கும் வராது. தோட்டத்துல யாரும் முகங்குடுத்துப் பேசல. இந்தப் பொண்ணுதான் மாத்தி மாத்தி கேட்டு அத்தனையும் வாங்குச்சு. ஒரு அம்மா வெளிய போங்கன்னு கோவமா சொல்லிட்டாங்க. இது அவங்க பக்கத்துல உக்காந்து என்னமோ பேசுச்சு. கடைசில அவங்களே எங்களுக்கு மோர் குடுத்து அனுப்புனாங்க. பேச்சுன்னா அதானுங்களே மேடம்?"

நான் தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமாகி ஓசூருக்கு வந்து இத்தனை வருடத்தில் கன்னடத்தில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளத் தோன்றியதில்லை. அவர் சொன்னது எனக்கு ஒரு சுற்றுலாக் கதையாகத்தான் காதில் விழுந்தது. போதாததற்கு, நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"அத நாம பார்க்கலையே சார். பார்த்ததுக்குத்தானே மார்க்."

"ரூல் நீங்க எழுதினது. சரிங்க மேடம்" என்று அவர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்றில் இரண்டு என்று எழுதினார். பேச்சுத்திறன் வரிசையில் அவளுக்கு ஒன்று பதிவானது. பத்துப் பேரும் ஒத்துப்போய்விட்டோம் என்று எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

சில மாதங்கள் கழித்து ஒரு தொழிற்சாலையிலிருந்து வளாக நேர்காணலுக்கு வந்தார்கள். தொழிலாளர் நலப் பிரிவில் பயிற்சி அலுவலர் வேலை. அந்தப் பெண் முதல்முறையாக ஆசிரியர் அறைக்கு என்னைத் தேடி வந்தாள்.

"நானும் பேரு குடுக்கலாங்களா மேடம்? உக்காந்து பாக்கற வேலைன்னாங்க. எங்கக்கா கம்பெனில லைன்ல நின்னு நின்னு கால் வீங்கிப்போயி வருது. இது கிடைக்கலன்னா நானும் அவகூட லைனுக்குத்தான் போகணும்னு அப்பா சொல்லிட்டாரு."

"தாராளமா குடு" என்றேன்.

பெயர் கொடுத்தவர்கள் ஏராளம். வேலைவாய்ப்பைக் கவனித்துக்கொண்டிருந்த ஆசிரியர், "அந்த ரூப்ரிக் லிஸ்ட்டக் கொஞ்சம் அனுப்புங்க மேடம்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நம் தாளை ஒருவர் தேடி வந்து கேட்கிறாரே என்று அந்த நிமிடமே அனுப்பிவைத்தேன். எந்த வரிசையிலாவது ஒன்று வாங்கியிருந்தவர்களை அவர் மொத்தமாக வடிகட்டிவிட்டார். கல்லூரியை அளக்க வைத்திருந்த கோலால் பிள்ளைகளை அளந்தாயிற்று. கோலை எடுத்துக் கொடுத்தது நான்.

மறுநாள் அவள் வந்தாள்.

"எனக்குப் பேச்சுத்திறன்ல ஒண்ணு போட்டிருக்குதாங்க மேடம். அது என்னன்னு தெரிஞ்சுக்கலாங்களா?"

தப்பு என் பக்கம் இருந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்; சின்ன வயதிலிருந்தே அப்படி. தாளை எடுத்து அந்தக் கட்டத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன்: "தன் கருத்தைக் கேட்பவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல இயலாதவர்."

"இன்னொருக்கா சொல்றீங்களா மேடம்?"

சொன்னேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். "சரிங்க மேடம்" என்று போய்விட்டாள். வாதாடியிருந்தால், அழுதிருந்தால்கூட எனக்கு வழி கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் தளி ஞாபகம் வந்து உறைத்தது. வேலைவாய்ப்பு ஆசிரியரிடம் ஓடினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "பத்துப் பேரு உக்காந்து ஒத்துக்கிட்டுப் போட்டதுதான மேடம்? ஒண்ண மட்டும் மாத்துனா மத்த பிள்ளைங்க சும்மா இருப்பாங்களா?" நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை என்னிடமே கேட்டார்.

முதல்வரிடம் போயிருக்கலாம். போகவில்லை. மதிப்பீட்டுக் குழு வர ஒரு வாரம் இருந்தது. பத்துப் பேரும் ஒத்துக்கொண்டு போடும் எங்கள் மார்க்கைத்தான் பெருமையாகக் காட்ட இருந்தோம். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று நானே போய்ச் சொல்லப் பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. குழு வந்தது, தாளைப் பாராட்டியது, எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கணினித் துறை ஆசிரியரும் கை தட்டினார்.

இந்த வருடம் ஒருநாள் காலை, பாகலூர் சாலையில் பேருந்துக்காக நின்றிருந்தேன். ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. சீருடையில் ஏழெட்டுப் பெண்கள், முகத்தைப் பார்த்தாலே வடக்கிலிருந்து புதிதாக வந்தவர்கள் என்று தெரிந்தது. ஒருத்தியிடம் அடையாள அட்டை இல்லை. டிரைவர் ஏற்ற மாட்டேன் என்று கன்னடத்தில் கத்த, அந்தப் பெண் இந்தியில் அழ ஆரம்பித்தாள். கூட்டத்திலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். டிரைவரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள், அழுதவளிடம் இந்தியில் ஏதோ சொன்னாள், போனில் யாரையோ கூப்பிட்டுத் தெலுங்கில் பேசி டிரைவர் காதில் வைத்தாள். இரண்டு நிமிடத்தில் டிரைவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

அவள் குரல் கணீரென்று இருந்தது. முகத்தைப் பார்த்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

அவளும் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "நல்லாருக்கீங்களா மேடம்?" லைனில்தான் வேலை என்றாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு கம்பெனியில நலப் பிரிவுல ஆள் கேக்கறாங்கம்மா. நான் லெட்டர் தரேன். நீ அப்ளை பண்ணு."

"வேணாங்க மேடம்" என்று சிரித்தாள். "அங்கெல்லாம் பேசணுங்களே. எனக்குப் பேச வராது."

தன் ரத்த வகையைச் சொல்வதுபோல் சொன்னாள். அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை.

"அந்த மார்க் தப்புமா. நான்தான் தப்பாப் போட்டேன்."

"இல்லைங்க மேடம். நான் அப்பறமா யோசிச்சுப் பார்த்தேன். நீங்க எழுதியிருந்தது சரிதானுங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். "வரேங்க மேடம்" என்று ஏறிக்கொண்டாள். நான் சொன்னதை அவள் நம்பவே இல்லை.