தொண்டையில் எலும்பு என்றார்கள்

நான்கு வருடம் இருக்கும். ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மாகறலில் நடந்தது இது. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. "அக்கா, நம்ம பையன் தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல இருக்குதுக்கா. நேத்துலேர்ந்து வாயை மூட மாட்டேங்குறான். நானும் அவளும் கையை விட்டுப் பாத்துட்டோம், ஆப்டல. நீங்க கொஞ்சம் வாங்கக்கா." பையன் என்றால் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் குட்டியாக வாங்கிப்போன லாப்ரடாரை அவன் அப்படித்தான் சொல்வான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊரே பட்டில் பிழைக்கும்போது நான் முப்பது வருடமாக நாயோடு மல்லுக்கட்டுகிறேன். குட்டி எடுத்து, வளர்த்து, கண்காட்சிக்குக் கொண்டுபோய், கடைசியில் என்னையே நடுவராகவும் நிற்க வைத்துவிட்டார்கள். நாய்க்காரம்மா என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நடுவருக்கு முதல் வேலையே வாயைப் பார்ப்பதுதான். உதட்டை விலக்கி, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை நூறு வாயில் இந்தக் கை போய் வந்திருக்கும்! எந்த நாயும் என்னைக் கடித்ததில்லை என்ற மண்டைக்கனம் வேறு. எலும்பு எடுப்பதெல்லாம் எனக்கு ஜுஜுபி என்று வண்டியை எடுத்தேன்.

போன் செய்தவன் வேன் ஓட்டுகிறவன். மனைவிக்கு அப்போது ஆறு மாதம். அவனுடைய அப்பா, மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுக்கொண்டு அதிகம் பேசாமல் இருக்கிற பெரியவர். மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். நாயைப் பின்பக்கம் சாமான் அறையில் விட்டிருந்தான்.

லாப்ரடாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேட்டையில் சுட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்விவர என்றே பழக்கிய இனம். அதனால் வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்போ துணியோ எதையாவது கவ்விக்கொண்டு வந்துதான் வரவேற்கும். இவனும் என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு போய் ஒரு செருப்பின் மேல் வாயை வைத்தான். செருப்பு வரவில்லை. மறுபடி வைத்தான். கீழ்த்தாடை தொங்கியபடியே இருந்தது, எச்சில் நூலாக ஒழுகியது. என்னைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தான் பாருங்கள், அது நாய்க் குரலே இல்லை, கரகரவென்று அடியில் ஏதோ உடைந்த குரல்.

கை வளையலை மேலே ஏற்றிவிட்டுக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவன் வாய்க்கும் என் விரலுக்கும் ஒரு சாண்கூட இல்லை.

"தெரு நாயி ஏதாவது கடிச்சுதா?" என்று கேட்டேன். "ஆவணியில ஒண்ணு காதைப் புடிச்சிச்சுக்கா. மஞ்சா வெச்சோம், ஆறிடுச்சு" என்றாள் அவள். வருடா வருடம் போடச் சொன்ன தடுப்பூசி? "போடலக்கா" என்றான் புருஷன். எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்ததே! "இன்னாக்கா பேசுறீங்க? வெறி புடிச்ச நாயி வாலாட்டுமா? யாரு மேலயும் ஒரு பல்லுகூட படலியே!" என்று கத்தினான். வெறிநாய் என்றால் பாய்ந்து குதறும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சிலதுக்குத் தாடை மட்டும் செயலிழந்து தொங்கும், குணம் மாறாது. பார்க்கிறவர்கள் எலும்பு மாட்டிக்கொண்டது என்று கையை விடுவார்கள். கையில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், எச்சிலிலேயே நோய் வந்துவிடும். வந்துவிட்டால் வைத்தியம் கிடையாது.

எனக்குத் தெரிந்த கால்நடை டாக்டர் வந்து, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். புருஷனையும் பெண்டாட்டியையும் குழாயடியில் நிற்க வைத்து, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவச் சொன்னேன். வயிற்றுப் பிள்ளைக்கு ஊசி ஆகுமா என்று அவள் அழுதாள். ஒன்றும் ஆகாதும்மா, போடாவிட்டால்தான் ஆபத்து என்று டாக்டர் அதட்டினார். வேறு யாராவது வாயில் கை வைத்தீர்களா என்று பெரியவரையும் கேட்டேன். அவர் மகனை ஒருதரம் பார்த்தார். "நான் ஏம்மா அதுங்கிட்ட போறேன்? எனக்கு என் மாடு இருக்குது" என்றார். சரி, இவராவது தப்பித்தார் என்று நினைத்தேன்.

அவர்கள் இரண்டு பேரையும் அரசு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். ஒரு ஊசியும் தவறவிடாமல் போட்டுக்கொள்ளும்வரை விடவில்லை. பையன் மறுநாள் சாயங்காலம் செத்துப்போனான். சாவதற்குக் கொஞ்சம் முன்னால்கூட ஜன்னலில் என் முகத்தைப் பார்த்து வாலைத் தரையில் தட்டினான். அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பரிசோதனையில் வெறிநோய்தான் என்று உறுதியாகிவிட்டது.

தை மாதம் அவனிடமிருந்து போன் வந்தது. பிள்ளை பிறந்த சேதி என்று சந்தோஷமாக எடுத்தேன். "அக்கா, அப்பா தண்ணி குடிக்க மாட்டேங்குறாருக்கா. டம்ளரைப் பாத்தாலே உடம்பு தூக்கித் தூக்கிப் போடுதுக்கா" என்றான். அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் நான் இல்லை என்று சொல்வேன் என்று காத்திருந்தான். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்றுதான் சொன்னேன்.

கண்காட்சி நாய்க்கு உடம்பு கட்டாக இருக்க வேண்டும், அளந்து வைக்கிற சாப்பாட்டைத் தவிர யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது, முக்கியமாக டீக்கடையில் விற்கிற பொறை பிஸ்கட்டைக் கண்ணில் காட்டக் கூடாது. குட்டி வாங்குகிற எல்லோரிடமும் நான் கண்டிப்பாகச் சொல்வது இது. பெரியவர் பையனுக்கு ஒருதரம் பொறை கொடுத்து மாட்டிக்கொண்டபோது மகன் அவரை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறான். அதற்குப் பிறகு அவர் மடியில் மறைத்துக் கொண்டுபோய், டீயில் நனைத்து, தினமும் விடியற்காலையில் ஊட்டியிருக்கிறார். அது விழுங்க முடியாமல் தவித்த நாளில் விரலால் உள்ளே தள்ளிவிட்டிருக்கிறார். விரல் முழுக்கப் புல் அறுக்கிற அரிவாள் கீறிய கீறல்கள்.

ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தெளிவு வந்தபோது மருமகளிடம்தான் சொன்னாராம்: "பொறைதாம்மா குடுத்தேன். அது பசியோட பாத்துக்கினே இருந்துச்சு. சொன்னா அவன் கத்துவானேன்னுதான்…" பேரன் பிறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது போய்விட்டார்.

முதலில் அந்த மகன்மேல் கோபம் வந்தது. அப்புறம் பெரியவர்மேலேயே வந்தது, ஒரு பொறைக்காக உயிரைக் கொடுப்பார்களா என்று. கோபமெல்லாம் அடங்கிய பிறகு மிச்சம் இருப்பது துக்கம்தான். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். அந்தக் குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் சந்தோஷத்தோடு பெரியவர் நினைப்பும் வருகிறது. இப்போது எந்த வீட்டில் நாய்க்கு உடம்பு முடியவில்லை என்று கூப்பிட்டாலும், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் தனியாகக் கூட்டிப்போய், யாரும் திட்ட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் விசாரிக்கிறேன். அன்றைக்கு மகன் எதிரில் கேட்காமல், மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தப் பெரியவர் என்னிடம் சொல்லியிருப்பார்.