ஜாமீனில் இருந்த தேக்சா

விவேக் நகரில் நாற்பது பேருக்கு மேல் சாப்பிடுகிற விசேஷம் எதுவானாலும் சின்னத்தாயைத்தான் கூப்பிடுவார்கள். ஞானஸ்நானம், புது நன்மை, கல்யாணம், துக்கம் எல்லாவற்றுக்கும் அவள் கை பிரியாணிதான். கோலார் தங்கவயலில் சுரங்க வேலையை விட்டுவிட்டு வந்த புருஷன் தாஸை நம்பினால் அடுப்பு எரியாது என்பது பெங்களூர் வந்த முதல் மாதமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தாஸ் கெட்டவனில்லை. பூமிக்கு அடியில் இருபது வருஷம் உழைத்தாயிற்று, பூமிக்கு மேலே இருக்கும்போதாவது உட்கார்ந்திருப்போம் என்று முடிவு செய்துவிட்டவன், அவ்வளவுதான்.

சின்னத்தாயின் தொழிலுக்கு மூலதனம் ஒரு செம்புத் தேக்சா. அகன்ற அடி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வளையம், ஒரே தடவையில் இருபது கிலோ அரிசி வேகும். வெறும் பாத்திரத்தை நகர்த்துவதற்கே இரண்டு ஆள் வேண்டும். வீட்டில் இருந்த டம்ளர், தட்டு, கரண்டி எல்லாவற்றிலும் பேர் வெட்டி வைத்திருந்தவள் இதில் மட்டும் வெட்டவில்லை. இதை யார் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறார்கள் என்ற தைரியம்.

1993-ஆம் வருஷம் ஒரு திங்கட்கிழமை காலையில், முந்தின நாள் விருந்து முடிந்து குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்த தேக்சாவைக் காணோம். சின்னத்தாய் முதலில் தாஸைத் திட்டினாள். அதில் பலன் இல்லை என்று தெரிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

அங்கே ஏட்டு நஞ்சுண்டப்பா என்பவர் இருந்தார். கன்னடக்காரர், தமிழும் நன்றாகவே பேசுவார்.

"எவ்ளோ பெருசும்மா?"

சின்னத்தாய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கை போதவில்லை.

"இவ்ளோ பெருச எப்படிம்மா தொலைச்ச?"

"நான் எங்க சாமி தொலைச்சேன்? திருடிட்டுப் போயிட்டாங்க!"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் நஞ்சுண்டப்பா வேலைக்காரர். பதினேழாவது நாள் சந்திரன் என்று ஒருத்தனைத் தள்ளுவண்டியோடும் தேக்சாவோடும் பிடித்து வந்துவிட்டார். இருபத்து நாலு வயசு இருக்கும், பெயிண்ட் அடிக்கிறவன். சேதி கேட்டதும் சின்னத்தாய் ஓடினாள். ஸ்டேஷன் பின்கட்டில் தேக்சாவில் தண்ணீர் பிடித்து வைத்து ஒரு போலீஸ்காரர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டுப் போலாமா?" என்றாள்.

"அதெப்படி? இது இப்ப உன் தேக்சா இல்லம்மா. கேஸ் சொத்து" என்றார் நஞ்சுண்டப்பா.

திருடன் கைக்குப் போனபோதுகூட அது அவளுடைய தேக்சாவாகத்தான் இருந்தது. போலீஸ் கைக்கு வந்த பிறகுதான் இல்லாமல் போயிற்று.

தேக்சா ஸ்டேஷனில் நாலு மாதம் இருந்தது. சந்திரன் பதினைந்தே நாளில் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். தேக்சாவுக்கு ஜாமீன் நிற்க ஆள் வேண்டியிருந்தது. ஆனேக்கல்லில் இருக்கும் அக்கா புருஷன் பெருமாள்சாமி, அரை ஏக்கர் நிலத்துப் பத்திரத்தைக் கொண்டுவந்து கோர்ட்டில் காட்டிக் கையெழுத்துப் போட்டார். நிபந்தனைகள் மூன்று. விற்கக்கூடாது. உருவமும் தன்மையும் மாற்றக்கூடாது. கேட்கும்போது கோர்ட்டில் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையில்தான் சின்னத்தாய் மாட்டிக்கொண்டாள். தேக்சா உள்ளே ஈயம் தேய்ந்துபோயிருந்தது. ஈயம் பூசாத செம்பில் சமைத்தால் சாப்பிட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். பூசிக்கொள்ளலாமா என்று நஞ்சுண்டப்பாவைக் கேட்டாள். அவர் நிபந்தனையைத் திரும்பவும் படித்துப் பார்த்துவிட்டு, "ஈயம் பூசினா உள்ள கலர் மாறுமில்ல? அப்ப தன்மை மாறுது. மனு போடு" என்றார். மனு போட்டாள். மனு எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ள இன்னொரு மனு போட வேண்டியிருந்தது. அந்த மனுவும் அதே இடத்துக்குத்தான் போயிருக்க வேண்டும்.

ஆகவே தேக்சா வீட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருந்தது. தாஸ் மாதிரியே. சின்னத்தாய் ஒவ்வொரு விசேஷத்துக்கும் சிவாஜிநகரில் வாடகைப் பாத்திரம் எடுத்தாள். அதில் அடி பிடித்தது, அவள் பேரும் கெட்டது. தன் வீட்டில் தன் கண்ணெதிரே இருக்கிற பாத்திரத்தில் ஒரு பிடி அரிசி போட முடியவில்லையே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. இந்த வழக்கு முடிந்து தேக்சா தன் கைக்கு வந்தால் போதும், சந்திரன் ஜெயிலுக்குப் போனாலும் சரி, சட்டசபைக்குப் போனாலும் சரி என்ற நிலைக்கு வந்துவிட்டாள்.

மூன்றாவது நிபந்தனையையும் சொல்ல வேண்டும். "எப்ப கேப்பாங்கன்னு சொல்ல முடியாது. கேக்கற அன்னிக்கு இல்லன்னா உன் மாமா நிலம் போயிடும். எல்லாத் தேதிக்கும் கொண்டா" என்று நஞ்சுண்டப்பா சொல்லிவிட்டார். எல்லாத் தேதிக்கும் கொண்டுபோனாள். கோர்ட் இரண்டாவது மாடியில் இருந்தது. ஆட்டோவில் பின் சீட் முழுக்கத் தேக்சா உட்கார்ந்துகொள்ளும், சின்னத்தாய் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொள்வாள்.

முதல் தேதியன்று படிக்கட்டுக்குக் கீழே தேக்சாவை இறக்கி வைத்துவிட்டுத் தவித்து நின்றாள். போலீஸ்காரர்கள் பார்த்தார்கள், வக்கீல்கள் பார்த்தார்கள், ஒருவரும் கை கொடுக்கவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அக்கா, நீ அந்த வளையத்தப் புடி."

சந்திரன்.

"த்தூ! உன் கையால அத்தத் தொடாத!"

"தொடலக்கா. நீயே தூக்கிட்டுப் போ."

சின்னத்தாய் ஒரு படி ஏற்றப் பார்த்தாள், நகரவில்லை. பிறகு அந்தப் பக்க வளையத்தைப் பிடித்தாள். திருடனும் பறிகொடுத்தவளும் ஆளுக்கொரு பக்கமாக நாற்பத்தாறு படி ஏறினார்கள். மேலே போனதும் மாஜிஸ்திரேட் லீவு என்றார்கள். அப்படியே நாற்பத்தாறு படி இறங்கினார்கள்.

இது ஆறு வருஷம் நடந்தது. மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போனார், புதியவர் வந்தார், அவரும் போனார். ஒரு தடவை சாட்சி வரவில்லை, ஒரு தடவை ஃபைல் வரவில்லை, ஒரு தடவை எல்லோரும் வந்தபோது வக்கீல்கள் வேலை நிறுத்தம். தேக்சா மட்டும் ஒரு தேதிகூடத் தவறவில்லை. வராந்தாவில் அது இருப்பது பழகிப்போய், மழைக்காலத்தில் எல்லோரும் ஈரக் குடையை அதில்தான் போட்டார்கள். சந்திரனின் வக்கீல் வெங்கடசாமி அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அடுத்த கேஸ் ஃபைலைப் படிப்பார். தன் கட்சிக்காரன்மேல் சாட்டியிருக்கும் குற்றத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்ற கூச்சம் அவருக்குக் கொஞ்சமும் கிடையாது.

ஒரே ஒரு தேதிக்குச் சந்திரன் வரவில்லை, காய்ச்சல். அரசு வக்கீல் வாரண்டு கேட்டார். அவரைவிடச் சத்தமாகச் சின்னத்தாய் கத்தினாள்: "அவன் வரலன்னா எப்படி சாமி? கீழ இருக்கற தேக்சாவ யாரு தூக்குவா?"

வாரண்டு பிறந்தது. காய்ச்சலோடு சந்திரனைக் கூட்டிவந்தார்கள். தேக்சாவை அவன் நடுங்கிக்கொண்டே தூக்கியதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த தேதிக்கு ஒரு டப்பாவில் பிரியாணி கொண்டுவந்தாள். வாடகைப் பாத்திரத்தில் செய்தது, சுமார்தான். அவன் வழித்துச் சாப்பிட்டான். திருடினாயா என்று மட்டும் அவள் கேட்கவில்லை. வழக்கு நடக்கும்போது அதைப் பேசவே கூடாது என்று இரண்டு பக்கத்து வக்கீல்களும் சொல்லியிருந்தார்கள்.

1999-இல் வந்த மூன்றாவது மாஜிஸ்திரேட் ஒரு பெண்மணி. பழைய கேஸ்களைத் தீர்த்துத் தள்ளுகிறவர். தமிழ் புரியும். முதல் மாதமே சின்னத்தாயைக் கூண்டில் ஏற்றிவிட்டார். வெங்கடசாமி எழுந்தார். கையில் மகஜர், அதாவது தேக்சாவைப் பிடித்த அன்றைக்கு போலீஸ் எழுதிய காகிதம்.

"இதுல என்ன எழுதிருக்கு தெரியுமாம்மா? வெளிப்புறம் முழுக்கக் கரி படிஞ்சு கறுத்த பாத்திரம். இதோ இருக்கே, இது என்ன நிறம்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னல் வெயிலில் தேக்சா தகதகவென்று மின்னியது. பெஞ்ச் கிளார்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

"தேய்ச்சேன் சாமி."

"எப்ப தேய்ச்சீங்க?"

"எல்லாத் தேதிக்கும் முந்தின நாளு. புளி, உப்பு, சாம்பல் போட்டு. கவர்மெண்டு கோர்ட்டுக்கு அழுக்குப் பாத்திரத்தக் கொண்டாந்தா எங்கள என்ன நெனப்பீங்க?"

சாட்சியத்தை ஆறு வருஷமாகப் புளி போட்டுக் கழுவியிருக்கிறாள் என்பது அரசு வக்கீலுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஈயம் பூச மனு போட்ட சின்னத்தாய்க்கு, தேய்க்கவும் மனு போட வேண்டும் என்று தோன்றவேயில்லை. தேய்க்காமல் ஒரு பாத்திரத்தை வாசல் தாண்டி எடுத்துப்போவதை அவள் ஜென்மத்தில் கண்டதில்லை.

"அப்ப மகஜர்ல இருக்கற பாத்திரம் இதில்ல" என்றார் வெங்கடசாமி.

"மூணு கல்லும் ஒரு கட்டு வெறகும் குடுங்க. அரை மணி நேரத்துல பழையபடி கறுப்பாக்கிக் காட்டறேன்!"

மாஜிஸ்திரேட் குனிந்து எதையோ எழுதினார். அவர் தோள் குலுங்கியது.

மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட டீக்கடைக்காரரும், நான் பாத்திரம் எதையும் பார்க்கவில்லை, வெள்ளைக் காகிதத்தில்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு மாதத்தில் தீர்ப்பு வந்தது. பொருளின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலனைக் கொடுத்துச் சந்திரன் விடுதலை. சின்னத்தாய்க்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் தீர்ப்பு அதோடு முடியவில்லை.

"பாத்திரம் இந்த அம்மாவோடதுன்னு நிரூபணம் ஆகல. யார்கிட்ட இருந்து பிடிச்சாங்களோ, அவர் கேட்டா அவருக்குக் கொடுக்கணும்" என்றார் மாஜிஸ்திரேட். "சந்திரன், இந்தப் பாத்திரத்துக்கு உரிமை கொண்டாடறீங்களா?"

வெங்கடசாமி சந்திரனின் முழங்கையைக் கிள்ளினார். "ஆமான்னு சொல்லுடா. செம்பு! இன்னிக்கு விலை தெரியுமா?"

சின்னத்தாய் தூணைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷம் தூக்கிச் சுமந்து, கடைசியில் தன் கையால் தேய்த்தே தன் பாத்திரத்தைத் திருடனுக்குத் தாரை வார்த்துவிட்டோமே என்று நொந்துகொண்டாள்.

சந்திரன் தேக்சாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"எனக்கு வாணாம்மா. அது அக்காவுது."

வெங்கடசாமி உட்கார்ந்துவிட்டார். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இப்போதுதான் விடுதலை ஆனவன், இப்போதே மாட்டிக்கொள்ளப் போகிறானோ என்று சின்னத்தாய்க்கே பதறியது.

"ஆறு வருஷமா இப்பிடித் தேய்க்கறாங்களேம்மா. அடுத்தவங்க ஏனத்த யாராவது இப்பிடித் தேய்ப்பாங்களா?"

மாஜிஸ்திரேட் தலையசைத்துக்கொண்டார். பிறகு எழுதினார். தேக்சா சின்னத்தாய்க்கு, ஜாமீன் பத்திரம் ரத்து, நிபந்தனை ஏதுமில்லை.

கடைசித் தடவையாக இரண்டு பேரும் நாற்பத்தாறு படி இறங்கித் தேக்சாவை ஆட்டோவில் ஏற்றினார்கள். சின்னத்தாய்க்குக் கண் கலங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சந்திரனை ஓரமாக இழுத்தாள்.

"எல்லாம் முடிஞ்சிபோச்சு. இப்ப சொல்லு. நீதான எடுத்த?"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். "ஆமாக்கா. தப்புதான்."

அது அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வேறொன்று மனதை அரித்தது.

"ஒண்டியா எப்படிடா தூக்குன?"

"ஒண்டியா எங்கக்கா தூக்கறது? ரெண்டு பேரு. போலீஸப் பாத்ததும் அவன் ஓடிட்டான்."

நஞ்சுண்டப்பா, அரசு வக்கீல், வெங்கடசாமி, மூன்று மாஜிஸ்திரேட்டுகள். ஆறு வருஷத்தில் இந்த ஒரு கேள்வியை இத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சின்னத்தாய்க்கு ஆத்திரம் பொங்கியது.

"யாருடா அவன்? பேரச் சொல்லு! இப்பவே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுக்கறேன்!"

"சொல்றேங்க்கா, தாராளமா எழுதிக் குடு" என்றான் சந்திரன். "ஆனா தேக்சாவ மறுபடி ஸ்டேஷன்ல குடுக்கணும். அப்பறம் அவனுக்கு முட்டி வலி வேற. ரெண்டு மாடி தூக்க மாட்டான்."

சின்னத்தாய் அண்ணாந்து இரண்டாவது மாடியைப் பார்த்தாள். ஆட்டோவுக்குள் மின்னிக்கொண்டிருந்த தேக்சாவைப் பார்த்தாள். பிறகு டிரைவர் பக்கத்தில் ஏறி ஒண்டிக்கொண்டாள்.

"ஈயம் பூசற கடைக்கு வுடுப்பா, சீக்கிரம்" என்றாள்.