நடுங்காத கை

நுவரெலியாவில் யாருடைய கை நடுங்கினாலும் பழி குளிரின் தலையில்தான் விழும். என் கையும் அப்படித்தான் பல வருடங்கள் தப்பித்தது. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயம் ஒன்றில் பிறந்து, படித்து சர்ஜனாகி, மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வயிற்று ஒபரேஷன்கள் செய்துகொண்டிருந்தவள் நான். தேத்தண்ணிக் கோப்பை என் கையில் தாளம் போடும்போதெல்லாம் ஒபரேஷன் தியேட்டர் நர்ஸ் மிஸ்ஸி ஹீட்டரை என் பக்கம் திருப்பி வைப்பார். நானும் குளிரைத் திட்டிக்கொண்டே குடிப்பேன். உண்மையாகவே குளிர் என்றுதான் நம்பியிருந்தேன்.

ஒரு ஏப்ரல் மாதம், வெயில் சுள்ளென்று அடித்த நாளில், ஒபரேஷன் நடுவே தையல் ஊசியின் நுனி வேண்டிய இடத்தில் நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. பக்கத்தில் நின்ற ஜூனியர் டொக்டரிடம் ஊசியைக் கொடுத்துவிட்டு விலகி நின்றேன். அந்த வாரமே கண்டிக்குப் போய் நரம்பு டொக்டரைப் பார்த்தேன். அவர் ஒரு தாளில் சுருள்கோடு வரையச் சொன்னார். நான் வரைந்தது கோணல்மாணலாக வளைந்து போகும் ரம்பொடை மலை ரோடு மாதிரி இருந்தது. இது பரம்பரையாக வருகிற நடுக்கம், மாத்திரைக்குக் கொஞ்சம் அடங்கும், போகாது, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றார். உயிருக்கு ஆபத்தில்லையாம்! அந்த மனிதரை ஓர் அறை அறையலாமா என்றிருந்தது. ஒபரேஷன் செய்வதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

அதன்பிறகு கத்தியை ஜூனியரே எடுத்தார். நான் எதிரில் நின்று வழி சொன்னேன். அவர் நல்ல பிள்ளை, கெட்டிக்காரர். அவர் நன்றாகச் செய்யச் செய்ய எனக்கு வயிறு எரிந்தது.

கூடப் படித்த சிநேகிதி ஒருத்திதான் ஒபரேஷன் செய்யும் ரோபோவைப் பற்றிப் போனில் சொன்னாள். "நீ தள்ளி உக்காந்து கையை அசைப்ப. மெஷின் உன் நடுக்கத்த வடிகட்டிட்டு மிச்சத்த மட்டும் உள்ள அனுப்பும். இங்கயும் அந்த மெஷின் வரும்போது சான்றிதழ் உள்ளவங்களத்தான் தேடுவாங்க. போய் எடுத்துட்டு வா." லீவு போட்டுவிட்டு, அந்தப் பயிற்சி கொடுக்கும் சென்னைக்குப் போனேன். இந்த வயதில் பரீட்சையா என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். எதற்காகப் போகிறேன் என்று அவருக்கும் சரியாகச் சொல்லவில்லை.

பயிற்சி நிலையத்தில் நோயாளி என்று யாரும் கிடையாது. ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து, விரல்களை வளையங்களில் மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் காட்டும் பொய் வயிற்றுக்குள் வேலை செய்ய வேண்டும். சின்ன மோதிரங்களை ஒரு முளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும், கிழிந்த குடலைத் தைக்க வேண்டும், இரத்தக்குழாயை இழுக்காமல் ஒதுக்க வேண்டும். பிழை விட்டால் மெஷினே மார்க்கைக் கழித்துவிடும், யாரிடமும் கெஞ்ச முடியாது.

முதல்முறை ஊசியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வெளியே என் மணிக்கட்டு ஆடுவது எனக்குத் தெரிந்தது. உள்ளே ஊசி அசையாமல் நின்றது. புது டொக்டராக இருந்த காலத்தில் எனக்கிருந்த கை அது. பெட்டிக்குள் முகத்தை வைத்தபடியே சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மெஷினில் இருந்த பையன்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. பயிற்சிகள் முடிய முடிய என் மார்க் ஏறிக்கொண்டே போனது. அந்த நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

பரீட்சையின் கடைசிப் பகுதி பற்றி முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ரோபோ வேலை செய்துகொண்டிருக்கும்போது பெரிய குழாய் ஒன்று வெடித்து இரத்தம் கொட்டினால், மெஷினை விலக்கிவிட்டு, சர்ஜன் தன் கையாலேயே வயிற்றைத் திறந்து அடைக்க வேண்டும். அது முடியாதவருக்குச் சான்றிதழ் இல்லை. அதைப் பற்றி நினைக்கவே கூடாது என்று நான் இருந்தேன்.

பரீட்சை நாளன்று மேசையில் ஒரு ரப்பர் பொம்மை. மணி அடித்ததும் ரோபோவின் பெட்டியை விட்டு எழுந்து ஓடினேன். வயிற்றைத் திறந்துவிட்டேன், அதுவரை சரி. உள்ளே ரப்பர் குழாயிலிருந்து சிவப்புத் தண்ணீர் பொங்கியது. கிடுக்கியை வைத்தேன், நழுவியது. திரும்ப வைத்தேன், குழாய்க்குப் பக்கத்தில் கடித்தது. பரீட்சை நடத்திய பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "ஏசியைக் குறைக்கட்டுமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்றேன். சிவப்புத் தண்ணீர் மேசையிலிருந்து வழிந்து என் காலை நனைத்தது. அவள் பம்பை நிறுத்தினாள். இன்னொரு தடவை எழுதலாம் என்றாள். அவள் குரலில் இருந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு ரப்பர் பொம்மைக்காகவா என்று விமானம் ஏறும்வரை கோபமாக இருந்தது. பிறகு அந்த மேசையில் என் தங்கச்சியைப் படுக்கவைத்து நினைத்துப் பார்த்தேன். இந்தக் கையை அவள்மேல் வைக்க நானே விடமாட்டேன். கோபம் போய்விட்டது. கோபம் இருந்தவரை கொஞ்சம் தெம்பாவது இருந்தது.

திரும்பி வந்து வேலைக்குப் போன அன்று, கிளினிக் வாசல் பெஞ்சில் ராகலையிலிருந்து ஓர் அம்மா காத்திருந்தார். தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர், முன்பு அவர் மகளுக்கு நான்தான் ஒபரேஷன் செய்திருந்தேன். இப்போது அவருக்கே குடலிறக்கம். என்னைக் கண்டதும் எழப் போனார்.

"மெசினு படிக்கப் போயிருக்கீங்கன்னு சொன்னாங்க. நீங்களே வந்து செய்யட்டும்னு நாளத் தள்ளிக்கிட்டே இருந்தேங்க."

"நான் செய்ய மாட்டேம்மா. சின்ன டொக்டர் நல்லா செய்வாரு."

"ஏங்க, கோவமா?"

வீட்டில்கூடச் சொல்லாததை அவரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். "இந்தக் கையால இனிமே வெட்டக் கூடாதும்மா. பரீட்சையில தோத்துட்டேன்."

தோட்டத்தில் வேலைக்குச் சேர்ப்பதைப் பேர் பதிவது என்பார்கள். பேர் பதிந்தவர்கள் விடியக்காலையில் பெரட்டுக்குப் போய் நின்று அன்றைய வேலையை வாங்க வேண்டும். வயதாகிவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள், அதன்பிறகு மலையில் கொழுந்து எடுக்க அவர்களுக்கென்று நிரை கிடையாது. அந்த அம்மா என் கையைப் பார்த்தார்.

"அப்ப ஒங்களுக்கும் பேரு வெட்டிட்டாங்களா?"

"ஆமாம்மா. வெட்டிட்டாங்க."

"எனக்குப் போன மாசந்தாங்க வெட்டுனாங்க. இன்னமும் பெரட்டுக்கு நேரமாச்சேன்னு விடியக்காலையில எந்திரிச்சு உக்காந்துக்கிறேன்." பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "இப்புடி உக்காருங்க."

உட்கார்ந்தேன். வரிசையில் நின்ற சனம் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதேன்.