இரண்டு கார்களும் ஒரு சிவப்புப் பூவும்

சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் எனக்குக் கால் மைல் பந்தயப் பைத்தியம் பிடித்தது. நின்ற இடத்திலிருந்து இரண்டு கார்கள் நேராகப் பாய வேண்டும், அவ்வளவுதான். நான் சேர நினைத்த பிரிவில் கார் கடையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், ஒரு திருகாணியைக்கூட மாற்றக்கூடாது. ஆகவே எந்தக் காரை வாங்குகிறோம் என்பதிலேயே பாதிப் பந்தயம் முடிந்துவிடும்.

அங்கேதான் என் தலை சுற்றியது. இரண்டு கதவுக் கார் எடை குறைவு, எஞ்சினும் சிறிசு. நாலு கதவுக் காருக்கு எஞ்சின் பெரிசு, உடம்பும் பெரிசு. காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரே பட்டறை வைத்திருந்தவர் காலையில் ஒன்றைச் சொல்வார், மாலையில் மற்றதைச் சொல்வார். நான் எடையைக் குதிரைசக்தியால் வகுத்து வகுத்து, கடைசியில் எதை எதால் வகுத்தேன் என்பதே மறந்துபோனது.

என் மனைவி எதுவும் சொல்லவில்லை. அவளுடைய அண்ணன் செமாபோக் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், மடையன்.

"பூ கட்டிப் பாப்போங்க" என்றாள் ஒரு நாள். துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை என்றால் இரண்டு கதவு, சிவப்பு என்றால் நாலு கதவு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். வேண்டியதை வாய்விட்டுச் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. குருக்கள் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது. எனக்குப் பாரம் இறங்கியது. அவள் முகமும் தெளிந்தது.

நாலு கதவுக் கார் வீட்டுக்கு வந்த அன்றே பந்தய விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் அழத் தொடங்கினாள்.

"அதான் செவப்பு வந்துருச்சே. அப்பறம் எதுக்குப் பேரு எழுதுறீங்க?"

"செவப்பு வந்ததாலதானே இந்தக் காடிய வாங்குனேன்."

"காடிய பத்தி நான் கேக்கவே இல்ல. நீங்க ஓட்டலாமா வேணாமான்னு கேட்டேன். செவப்புன்னா வேணாம்."

பிள்ளையார் யாருக்குப் பதில் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. "கால் மைல்தானே" என்று சமாதானம் சொன்னேன்.

"அப்ப நானும் பக்கத்துல உக்காருறேன். போனா ரெண்டு பேரும் போவோம்."

அன்று மாலை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து உஜோங் பாசிர் வரை ஓட்டிப்போனேன். ரோடு காலியாகத்தான் கிடந்தது. முப்பது மைல் வேகத்தைத் தாண்ட என் கால் மறுத்துவிட்டது.