ரூத் அக்கா வைத்த சோளக்கதிர்

எங்கள் பக்கத்து வீட்டு ரூத் அக்கா ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் அறுத்தவர்கள். விளாங்குடியில் வீடு கட்டியபோது பின்பக்கம் மிஞ்சிய துண்டு மண்தான் அந்தக் குடும்பத்தின் முதல் நிலம்.

சபையில் அறுப்பின் பண்டிகை வந்தால் அக்காவுக்கு மனம் உறுத்தும். விளைந்ததில் முதல் பலனைக் காணிக்கையாக வைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். டவுனில் யாருக்கு வயல் இருக்கிறது? எல்லோரும் மார்க்கெட்டில் வாங்கித்தான் வைக்கிறார்கள். அக்காவும் வருடா வருடம் ஒரு பூசணிக்காய் வாங்கி வைத்தவர்தான்.

இந்த முறை பெண்கள் கூட்டத்தில் எழுந்து, தானே விளைவித்த ஸ்வீட் கார்னும் அவரைக்காயும்தான் வைப்பேன் என்று சொல்லிவிட்டார். சங்கத் தலைவி பாக்கியமேரி விடவில்லை. "துணி காயப்போடுற இடத்துல வெள்ளாமையா ரூத்து?" என்றார். கூட்டமே சிரித்தது.

அவரையால் தொல்லை இல்லை. ஆடியில் ஊன்றிய விதை துணிக்கொடியைப் பிடித்து ஏறி அதை மூடிவிட்டது. அக்கா ஈரத் துணியை எங்கள் மாடிக்குத் தூக்கிவந்தார். சோளம்தான் ஏமாற்றியது. சுவரோரம் குரோட்டன்ஸ் வைப்பதுபோல ஒரே வரிசையாக, பார்க்க அழகாக நட்டிருந்தார். ஆளுயரம் வளர்ந்தது, கதிரும் விட்டது. உரித்துப் பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில மணிகள், மற்றதெல்லாம் வெறும் சக்கை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வாடிப்பட்டிப் பக்கம் ஒரு மக்காச்சோளக் காட்டுக்குள் போய் நின்றார். காற்றடித்ததும் உச்சிப் பூவிலிருந்து மஞ்சள் தூள் பறந்து நான்கு பக்கமும் இருந்த கதிர்களின் முடிமேல் விழுந்தது. முடியில் தூள் விழுந்தால்தான் மணி பிடிக்கும். ஒற்றை வரிசையில் நின்ற தன் பயிரின் தூள் சுவரைத் தாண்டித் தெருவுக்குப் போயிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

அன்று மாலையே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். கணவர் ஜெர்சன் பதறிப்போனார்.

"அவரை அம்புட்டுக் காய்க்கும்போல இருக்கே, அது போதாதா? சோளம் நான் ஆரப்பாளையத்துல வாங்கியாறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமில்ல," என்றார் அக்கா.

மறுபடியும் விதைத்தார், இந்த முறை சதுரமாக, நெருக்கமாக. பூ வந்த நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நனைந்த தூள் பறக்காது. மழை விட்ட காலைகளில் அக்கா உச்சியிலிருந்த ஆண் பூவைச் செய்தித்தாளில் தட்டித் தூளைச் சேர்த்து, ஒவ்வொரு கதிரின் முடியிலும் விரலால் தூவினார். தலையெல்லாம் மஞ்சளாகப் பள்ளிக்குப் போனபோது, வீட்டில் என்ன விசேஷம் என்று டீச்சர்கள் கேட்டார்களாம்.

பண்டிகைக்கு முந்தின நாள் ஒரு கதிரின் மணியை நகத்தால் கீறினார். பால் வந்தது, பறிக்கும் பக்குவம்தான். ஆனால் எந்தக் கதிரும் முழுதாக நிறையவில்லை. நுனியில் வெறுமை, நடுவில் ஓட்டை.

காலையில் காணிக்கை மேசையருகில் பாக்கியமேரிதான் நின்றார். கூடையில் இருந்த அவரைக்காயைப் பார்த்து மெச்சினார். உரித்து வைத்திருந்த கதிர்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"தோலோட வச்சிருக்கலாமேம்மா. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்க்கா. இதுதான் எங்க வீட்டுல வெளஞ்சது. உரிச்சே இருக்கட்டும்."

ஏலத்தில் அவரை உடனே போய்விட்டது. சோளத்தைத் தூக்கிக் காட்டியபோது பின்வரிசையில் ஒருவர், பல் விழுந்த சோளம் என்றார். சிரிப்பு அடங்கிய பிறகும் யாரும் விலை கேட்கவில்லை. ஜெர்சன் அண்ணன் கையைத் தூக்கப் போனார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"நம்ம வச்சத நம்மளே எடுத்தா அது காணிக்கையா? சும்மா இருங்க."

ஏலக்காரர் இரண்டாம் முறை கூவினார். அக்கா தலை குனியவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையிலிருந்து பாக்கியமேரி ஒரு விலை சொன்னார். பல் விழுந்த சோளம் என்று சிரித்தவர் அதற்கு மேல் ஒன்று சொன்னார்.