சித்தப்பாவின் பாகும் பெரியப்பாவின் கிணறும்

“…புகை போட்டும் போகலை, விரட்டியும் போகலைன்னா இந்தத் தேனீ மேல மாவைத் தூவி விடுவோம். வெள்ளையாப் பறந்து எங்க போயி அடையுதுன்னு தெரிஞ்சிருமில்ல?” என்று சித்தப்பா அரிசிமாவை அள்ளினார்.

பந்தல்குடிச் சாலையோரத்தில் கருப்பட்டி மிட்டாய்க் கடை வைத்திருந்தார் அவர். கொத்தமல்லிக் காடுகள் பூத்துக் கிடக்கும் தை மாதத்தில் ஒரு தேனீகூடக் கடைப்பக்கம் எட்டிப் பார்க்காது. அப்புறம் எள்ளுப்பூ, வேப்பம்பூ என்று காலத்தை ஓட்டிவிடும். ஆனி பிறந்தால் கரிசலில் பூ ஏது? அத்தனையும் சித்தப்பாவின் பாகுச் சட்டிக்கு வந்துவிடும். லாரிக்காரர்கள் தூரத்திலிருந்தே கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். விற்காத மிட்டாயைப் பார்த்தபடி சித்தப்பா உட்காருவார், எழுவார், மறுபடி உட்காருவார்.

மாவு பூசிய தேனீக்கள் தெற்கே பறந்தன. கண் கூர்மையானவள் என்று என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் ஏற்றிக்கொண்டார். கூட்டைக் கொளுத்த மண்ணெண்ணெய்த் துணி. வழியில் தேனீக்களை இறக்க ஒரு கிண்ணம் பாகு. வெள்ளைப் புள்ளிகளைத் தொலைப்பதும், பாகை வைத்துக் காத்திருந்து மறுபடி கண்டுபிடிப்பதுமாகப் போய்ச் சேர்ந்த இடம் பெரியப்பாவின் கிணறு. சுவர்ப் பொந்தில் கூடு.

நிலம் பிரித்தபோது அந்தக் கிணறு பெரியப்பா பங்குக்குப் போயிருந்தது. அன்றோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது.

பெரியப்பா காட்டுக்குள்ளிருந்து வந்தார். கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு இருவரும் என்னிடம் பேசினார்கள்.

“தாயி, என் பாகைக் குடிச்சுத்தான் இங்க தேனு ஊறுது. பாதி எனக்கு வரணும்னு உங்க பெரியப்பாட்ட சொல்லு.”

“பாகம் பிரிக்கையில ஈயைப் பிரிக்கலைன்னு உங்க சித்தப்பன்ட்ட சொல்லு, தாயி.”

“கொளுத்திருவேன்னு சொல்லு!”

“கொளுத்தச் சொல்லு. தீப்பெட்டி வேணுமான்னும் கேளு.”

அங்கும் இங்கும் திருப்பித் திருப்பி எனக்குக் கழுத்து வலித்தது. சித்தப்பா துணியைப் பற்றவைத்து, கிணற்று விளிம்பில் குனிந்து பொந்துக்குக் கையை நீட்டினார்.

“ஏலே! பேந்த கல்லுடா அது, ஆடுது, காலை எடு!” பெரியப்பா பாய்ந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தார். எரிந்த துணி தண்ணீரில் விழுந்து சீறி அணைந்தது.

“விடுண்ணே,” என்றார் சித்தப்பா.

மூச்சு வாங்கியபடியே பெரியப்பா சொன்னார்: “பூ வர்ற வரைக்கும் அதுக்கு வேற போக்கு ஏதுடா? பாகை இங்கயே கொண்டாந்து வையி. அப்புறம் கடைப்பக்கம் ஏன் வருது?”

மறுநாளிலிருந்து மத்தியானமானால் சித்தப்பா பாகோடு கிணற்றுக்குப் போனார். திரும்பிவரப் பொழுதடைந்துவிடும். தேனீ இவ்வளவு மெதுவாகவா குடிக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

ஐப்பசியில் மழை இறங்கியது. மார்கழிக் கடைசியில் கொத்தமல்லி பூத்தது. கடையில் மருந்துக்குக்கூட ஒரு தேனீ இல்லை.

“இனிமே பாகு வேண்டாமே சித்தப்பா. அதுக்குத்தான் பூ வந்திருச்சே,” என்று விவரம் தெரிந்தவளாகச் சொன்னேன்.

அவர் கிண்ணம் நிறைய ஊற்றி, துணியால் வாய் கட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு தெற்கே போனார்.